எது எங்கே அசைகிறது

“லிஃப்ட் போட்டாச்சு, எக்ஸாஸ்ட் மாத்தியாச்சு, ரோல் கேஜும் வெச்சாச்சு. இனி வண்டி எங்க வேணும்னாலும் போகும்.” கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ நெருடும். லிஃப்ட் என்பது ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்துவது, எக்ஸாஸ்ட் என்பது புகைக்குழாய், ரோல் கேஜ் என்பது வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்க உள்ளே கட்டும் எஃகுக் குழாய்க் கூடு. செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலும் மூன்றையும் விஷயம் தெரிந்தவர்கள்தான் செய்திருப்பார்கள். சஸ்பென்ஷன் வேலை பார்த்தவர் ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கும் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்திருப்பார், சைலன்சர்காரர் குழாயை அழகாக வளைத்து மாட்டியிருப்பார், கேஜ் கட்டியவர் வெல்டிங்கில் ஒரு பொட்டு இடைவெளி விட்டிருக்கமாட்டார். ஆனால் இந்த மூன்றும் ஒரே வண்டிக்குள் இருக்கப்போகின்றன, ஒன்று நகரும்போது அது போய் நிற்கும் இடத்தில் இன்னொன்று இருக்கக்கூடும் என்பதைப் பார்க்கவேண்டியது யார்? அந்த வேலைக்கு மட்டும் ஆளே கிடையாது.

நெருங்கிய நண்பர் ஒருவரின் வண்டியில்தான் இந்தக் கேள்வி எனக்கு உறுதியாகப் பிடிபட்டது. முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டான முழு ஆக்சில், அடியில் ஏணி மாதிரியான சேஸிஸ் சட்டம், அதன்மேல் ரப்பர் மவுன்டுகளில் உட்கார்ந்த பாடி. ஜிம்னி, ராங்ளர் எல்லாம் இந்த வகைதான். அவர் வண்டியில் மூன்று வேலைகளும் மூன்று வேறு ஆட்களிடம், வேறு வேறு சமயத்தில் நடந்தன. அதன்பிறகு ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ‘டங்’ என்று ஒரே ஒரு அடி. தார் ரோட்டில் வராது, வேகத்தடையில் வராது, கல் நிறைந்த பாதையில் வேகமாகப் போனாலும் வராது. மெதுவாக ஒரு பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது, ஒரு பக்கச் சக்கரம் மேலே ஏறி எதிர்ப்பக்கச் சக்கரம் தொங்கும் அந்த நேரத்தில் மட்டும் வரும். நண்பர் அடித்துச் சொன்னார், சத்தம் தலைக்குப் பின்னால் இருந்து வருகிறது, கேஜில்தான் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது என்று. போல்ட்டுகளை எல்லாம் முறுக்கிப் பார்த்தாயிற்று. ஷாக்கின் ரப்பர் புஷ்ஷை மாற்றியாயிற்று. ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராடின் புஷ்ஷையும் மாற்றியாயிற்று. சத்தம் போகவில்லை.

ஸ்பிரிங் இல்லாமல் வண்டியைப் பார்த்த நாள்

கடைசியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனோம். அவர் சத்தத்தைப் பற்றி ஒன்றிரண்டு கேள்விகள்தான் கேட்டார். பிறகு சேஸிஸை ஸ்டாண்டுகளில் ஏற்றி, பின்பக்கக் காயில் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். ஷாக்கை மட்டும் விட்டுவைத்தார். ஆக்சிலுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜாக்கி. “ஸ்பிரிங் இருந்தா வண்டி வெயிட்டையே தூக்கணும் தம்பி, கழட்டிட்டா ஆக்சில் நாம சொல்ற இடத்துக்கு வரும்” என்றார். அவ்வளவுதான் விஷயம். ஆக்சிலை அது போகக்கூடிய எல்லா இடத்துக்கும் கையால் கொண்டுபோய்ப் பார்ப்பது.

முதலில் இரண்டு ஜாக்கியையும் ஒன்றாக ஏற்றினார். ஆக்சில் மேலே வந்து இரண்டு பக்கமும் அதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் முட்டி நின்றது. புது எக்ஸாஸ்ட் குழாய் சேஸிஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கமாக ஆக்சிலைத் தாண்டிப் போகிறது, அந்த இடத்தில் ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் போனது. “நீங்க சைலன்சர் மாத்தின இடத்துலயும் இந்த அளவுக்குப் பார்த்திருப்பாங்க. தப்பு சொல்ல முடியாது” என்றார். எனக்கும் அது போதுமான இடைவெளியாகத்தான் தெரிந்தது. மேலே வரக்கூடிய எல்லைவரை ஆக்சில் வந்துவிட்டது, குழாயைத் தொடவில்லை, வேறென்ன வேண்டும்?

அப்புறம் அவர் எதிர்ப்பக்க ஜாக்கியை மட்டும் மெதுவாக இறக்க ஆரம்பித்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு அடியில் படுத்திருந்தேன். அந்தப் பக்கம் இறங்க இறங்க, இந்தப் பக்கம் பம்ப் ஸ்டாப்பில் முட்டியிருந்த இடமே ஒரு அச்சாகிவிட்டது. அதற்கு உள்பக்கம் இருந்த ஆக்சில் கீழே போனது, வெளிப்பக்கம் இருந்த பகுதி இன்னும் மேலே ஏறியது. கூடவே பன்ஹார்ட் ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்தது. விரல் போன இடைவெளி கண்ணெதிரே ஒடுங்கி, ஆக்சில்மேல் பிரேக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த சின்னத் தகட்டின் முனை எக்ஸாஸ்ட் குழாயின் வயிற்றில் போய் உட்கார்ந்தது. சரியாக அந்த இடத்தில் குழாயில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சுற்றிலும் காய்ந்த சேறு, அந்தப் பிறை மட்டும் பளபளவென்று இருந்தது. தகடு ஒரு பக்கமாக மடங்கி, பிரேக் குழாயின் பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு தெரிந்தது. எஞ்சின் ஓடும்போது கொதிக்கும் ஒரு குழாயில் பிரேக் குழாயின் தாங்கி போய் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

தலைக்குப் பின்னால் சத்தம் கேட்டதற்கான காரணமும் அங்கேயே கிடைத்தது. அடிபட்ட குழாய் அதிர்ந்து, தொங்கவிட்ட கொக்கி வழியாக அந்த அதிர்வு சேஸிஸுக்குப் போயிருக்கிறது. கேஜின் பின் கால்களைத் தரையைத் துளைத்து நேராகச் சேஸிஸில் போல்ட் போட்டிருந்தார்கள். கீழே விழுந்த அடி கேஜ் குழாய் வழியாக ஏறி ஓட்டுநரின் காதுக்குப் பின்னால் ஒலித்திருக்கிறது. லிஃப்ட், எக்ஸாஸ்ட், கேஜ் மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய சத்தம் அது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்திருந்தால் எதிலும் குறை தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து மாடிஃபிகேஷன் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். இந்த வண்டியில் எது எதோடு ஒப்பிட்டு எவ்வளவு அசைகிறது? ஆக்சில் சேஸிஸோடு ஒப்பிட்டு அசைகிறது. எஞ்சின் தன் ரப்பர் மவுன்டில் அசைகிறது. பாடி சேஸிஸ்மேல் அசைகிறது. உள்ளே இருக்கும் மனிதனின் தலை கேஜோடு ஒப்பிட்டு அசைகிறது. இந்த நான்கு அசைவுக்கும் இடம் விட்டிருந்தால் அது நல்ல வேலை. எவ்வளவு விலை உயர்ந்த பொருளைப் போட்டாலும் இந்த இடம் இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆகும்.

உயர்த்துவதால் மாறுவது உயரம் மட்டும் அல்ல

லிஃப்ட் என்றவுடன் எல்லாரும் எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். உயரம் எதற்கு வேண்டும் என்பதையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் கட்சி. ஆக்சிலின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை டயர்தான் தீர்மானிக்கிறது, ஸ்பிரிங்குக்கு அதில் பங்கே இல்லை. 31 அங்குல டயரிலிருந்து 33க்குப் போனால் ஆக்சில் 1 அங்குலம் உயரும், அதாவது விட்டம் கூடியதில் பாதி. ஸ்பிரிங் லிஃப்ட் என்பது அந்தப் பெரிய டயர் மேலே ஏறும்போது பாடியில் உரசாமல் இருக்க இடம் கொடுக்கிறது, சேஸிஸின் வயிறு கல்லில் தட்டாமல் காக்கிறது. ஆகவே டயர் அளவை முடிவு செய்யாமல் லிஃப்ட் அளவை முடிவு செய்வது தலைகீழ் வேலை.

ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்திவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விடும்போது என்ன ஆகிறது என்று பன்ஹார்ட் ராடை வைத்தே பார்க்கலாம். ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்சிலில். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை, ஆனால் ராடு ஒரு வட்டத்தின் ஆரம் மாதிரி சுழல்வதால் ஆக்சில் நேராக மேலும் கீழும் போகாமல் ஒரு வில்லில் போகிறது. ராடு 850 மில்லிமீட்டர் நீளம், தரைக்கு இணையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் 100 மில்லிமீட்டர் கீழே தொங்கினால் பக்கவாட்டு நகர்வு 6 மில்லிமீட்டர். இப்போது வண்டியை 75 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். நிற்கும்போதே ராடு சாய்ந்துவிட்டது. அங்கிருந்து அதே 100 மில்லிமீட்டர் தொங்கினால் நகர்வு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அசைவு அதேதான், பக்கவாட்டு இழுப்பு இரண்டரை மடங்கு. முன்னால் போட்டிருந்த குழாய்க்கும் ஹோஸுக்கும் இருந்த இடைவெளியை இது சத்தமில்லாமல் தின்றுவிடும்.

முன் ஆக்சிலில் இதே ராடு ஸ்டீரியரிங்கோடு சம்பந்தப்பட்டது. ஸ்டீரியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இழுப்பு ராடும் பன்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளத்திலும் இருந்தால் இரண்டும் ஒரே வில்லில் சுழலும், சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்டீரியரிங் திரும்பாது. லிஃப்ட் போட்டவர் சாய்வைச் சரிசெய்கிறேன் என்று அந்த இழுப்பு ராடை அசைக்கும் பிட்மேன் ஆர்மை மட்டும் மாற்றிவிட்டு பன்ஹார்டை விட்டுவிட்டால், இரண்டும் வேறு வேறு வில்லில் போகும். ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்று கேஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. ஜிம்னி, பழைய டிஃபெண்டர் போன்றவற்றின் முன்பக்கத்தில் ஆக்சிலும் அதைப் பிடிக்கும் நீளக் கையும் கிட்டத்தட்ட ஒரே துண்டாக இயங்குகின்றன, ஆகவே வண்டியை உயர்த்தினால் ஆக்சிலே முன்பக்கமாகச் சுழல்கிறது. 900 மில்லிமீட்டர் கையில் 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் சுமார் 3 டிகிரி போய்விடும். திருப்பிய ஸ்டீரியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்குக் காரணமே அந்தக் கோணம்தான். அதைத் திருத்தாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. மலையில் எவ்வளவு அழகாக ஏறினாலும் சரி, அங்கே போவதற்கு ரோட்டில்தானே போகவேண்டும்.

ஷாக்கில் பெயரையும் நிறத்தையும் பார்ப்பவர்கள் அதன் மூடிய நீளத்தைப் பார்ப்பதில்லை. நீளமான ஷாக் போட்டால் சக்கரம் அதிகம் தொங்கும், உண்மை. ஆனால் மேலே வரும்போது பம்ப் ஸ்டாப் முட்டுவதற்கு முன்னால் ஷாக் உள்ளுக்குள் முட்டிவிட்டால் வண்டியின் முழு எடையும் ஒரு பிஸ்டன் தண்டின்மேல் இறங்குகிறது. மவுன்ட் பிய்ந்துபோகும், இல்லையென்றால் ஷாக் ஒழுகும். எதிர்முனையில், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அதை நிறுத்துவது ஷாக்காகவோ பட்டையாகவோ இருக்கவேண்டும், பிரேக் ஹோஸாக இருக்கக்கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றி ஆக்சிலை ஏற்றி இறக்கிப் பார்த்தால் இவையெல்லாம் ஒரே மதியத்தில் தெரிந்துவிடும். டயர் எங்கே உரசுகிறது, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் க்ராஸ் இணைப்பு எந்தக் கோணத்தில் பிடிக்கிறது, ஹோஸ் எப்போது விறைக்கிறது, எல்லாமே. இத்தனைக்கும் கடைசி வார்த்தை சொல்வது பம்ப் ஸ்டாப் என்ற அந்த ரப்பர் கட்டைதான். ஒரு செட் ஷாக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லாத பொருள். வண்டியில் மற்ற எல்லாம் பிழைப்பதும் உடைவதும் அதன் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அதை அளந்து போடுகிறவர்கள் மிகக் குறைவு.

ஸ்பிரிங் கடினத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் வின்ச், இரும்பு பம்பர், பின்னால் எப்போதும் சாமான் என்று எடை நிரந்தரமாகக் கூடியிருந்தால் கடினமான ஸ்பிரிங் தேவை. எடை கூடாமல் கடினமான ஸ்பிரிங் போட்டால் சக்கரம் தரையைத் தொடராமல் துள்ளும், பிடிப்பு போகும். காலி வண்டிக்குச் சுமை ஸ்பிரிங் போட்டு ‘ஸ்ட்ராங்கா இருக்கு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குழாயின் சத்தம், சூடு, புகை

எக்ஸாஸ்ட் மாற்றுவதைப் பற்றி ஓயாத சண்டை ஒன்று உண்டு, ‘பேக் பிரஷர்’, அதாவது வெளியேறும் புகைக்குக் குழாய் தரும் எதிரழுத்தம், வேண்டுமா வேண்டாமா என்று. எதிரழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நல்லது செய்வதில்லை. சிறிய குழாயில் புகை வேகமாக ஓடுகிறது, அந்த ஓட்டத்தின் உந்தம் அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே இழுக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் குறைந்த சுற்றில் அந்த வேகம் செத்துவிடும். பாறையில் ஏறும்போது நமக்கு வேண்டியது 1500, 2000 சுற்றில் இருக்கும் முறுக்கு விசைதான், 6000 சுற்றில் கிடைக்கும் கூடுதல் குதிரைத்திறன் அங்கே எதற்கும் உதவாது. டர்போ டீசலில் கதை வேறு. டர்பைனுக்குப் பிறகு தடை குறையக் குறைய டர்போ சீக்கிரம் சுழலும், அங்கே அகலமான குழாய்க்கு நியாயம் இருக்கிறது. அதற்காகப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியையும் டீசல் துகள் வடிகட்டியையும் வெட்டி எறிவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். காடும் மலையும் பிடித்துத்தான் அங்கே போகிறோம், அந்தக் காற்றிலேயே கரியைக் கக்கிவிட்டு வருவதில் என்ன இருக்கிறது?

சத்தத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகப் பாறையில் ஊரும்போது ஓட்டுநருக்குக் கண்ணைவிடக் காது அதிகம் வேலை செய்கிறது. டயர் வழுக்க ஆரம்பிப்பது, கல் ஒன்று அடியில் உருள்வது, முன்னால் நின்று வழி சொல்பவர் ‘நிறுத்து’ என்று கத்துவது எல்லாம் காதில்தான் முதலில் விழும். அலறும் சைலன்சர் அந்தக் காதை அடைத்துவிடுகிறது. நண்பர் வண்டியில்கூட சைலன்சர் கொஞ்சம் அமைதியாக இருந்திருந்தால் அந்த ‘டங்’ கீழேயிருந்து வருவது இன்னும் முன்னதாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குழாய் எங்கே முடிகிறது என்பது அழகு பற்றிய விஷயம் போலத் தோன்றும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, செங்குத்தான இறக்கத்திலிருந்து சமதளத்துக்கு வரும்போது மண்ணில் குத்தும், அதனால் பலர் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியே விடுகிறார்கள். மேலே துணிக்கூரை போட்ட வண்டியிலோ, கண்ணாடியை இறக்கிவிட்டு ஊரும் வண்டியிலோ அந்தப் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று வரும்போது களைப்பு என்று நினைத்துவிடுவோம். இதில் விளையாட்டே கூடாது. பாடியின் ஓரத்தைத் தாண்டி முழுதாக வெளியே வராத எந்தக் குழாயையும் நான் ஏற்கமாட்டேன்.

இங்கேயும் அசைவுக்குத்தான் திரும்ப வருகிறேன். எஞ்சின் தன் மவுன்டில் ஆடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறது. குழாயோ சேஸிஸில் தொங்குகிறது. நடுவில் வளையக்கூடிய பின்னல் இணைப்பு இல்லாமல் முழுதும் இரும்பாக வெல்டு வைத்துவிட்டால், அந்த ஆட்டம் முழுவதையும் எஞ்சினோடு குழாய் சேரும் மேனிஃபோல்டு தாங்கவேண்டும், கொஞ்ச நாளில் விரிசல் விடும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் விரிசல் விட்டால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் எரிபொருள் குறைவு என்று நினைத்து அதிகம் ஊற்றச் சொல்லும். மைலேஜ் குறைகிறது என்று வண்டி பட்டறை பட்டறையாகச் சுற்றும். தொங்கும் கொக்கிகளுக்கு ரப்பர் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அப்புறம் சூடு. துகள் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும் நேரத்தில் உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். வெப்பத் தகடுகளை ‘சத்தம் போடுது’ என்று கழற்றி எறிந்துவிட்டு காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். குழாய் வேலை முடிந்த வண்டியில் கழற்றிய தகடுகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கேஜுக்குள் இருக்கும் தலை

ரோல் கேஜ் பற்றித்தான் நண்பரோடு எனக்கு நீண்ட வாக்குவாதம். வண்டிக்கு அடியில் படுத்திருந்த அதே நாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. கேஜின் கால் தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் தகட்டின் ஓரமாகத் தலைமுடி அளவில் ஒரு விரிசல். பாடி தன் ரப்பர் மவுன்டில் சேஸிஸ்மேல் கொஞ்சம் அசையவேண்டும், அதற்காகத்தான் அந்த ரப்பர். கேஜின் முன் கால்களைப் பாடியிலும் பின் கால்களைச் சேஸிஸிலும் இறுகக் கட்டிவிட்டதால் அந்த அசைவு போக வழியில்லாமல் தரைத்தகட்டைக் கிழிக்க ஆரம்பித்திருக்கிறது. முழுவதும் பாடியிலேயே உட்காரவைக்கலாம். சேஸிஸுக்குத்தான் போகவேண்டும் என்றால் தரையில் இடம் விட்டு, கேஜ் காலுக்கும் ரப்பர் புஷ் கொடுக்கவேண்டும். இரண்டையும் கலந்து இறுக்கினால் இப்படித்தான் ஆகும்.

கேஜ் என்றால் என்ன தரம் என்பதற்கு, உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் விதிகளே நல்ல அளவுகோல். இணைப்பு ஜே, பிரிவு 253. பந்தயத்துக்குப் போகாதவர்களும் ஒருமுறை படிக்கலாம். முக்கிய வளைவுக்குத் தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டர் கனம் அல்லது 50க்கு 2. வளைக்கும் ஆரம் குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கவேண்டும். வளைக்கும்போது குழாய் நசுங்கி முட்டை வடிவம் ஆனால், சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் 0.9 பங்குக்குக் குறையக்கூடாது. பாடியில் கால் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட வலுவூட்டுத் தகடு. தண்ணீர்க் குழாய் வளைக்கும் கருவியில் தண்ணீர்க் குழாயையே வளைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து ‘ரோல் கேஜ்’ என்று மாட்டுவதை இந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நான்கு பக்கச் சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும், மூலைக்கு மூலை குறுக்கே ஒரு நேர்க்குழாய் போட்டு முக்கோணமாக்கினால்தான் நிற்கும். குறுக்குக் குழாயே இல்லாத கேஜ் வெறும் அலங்காரம். மேல்மூலை வெல்டு கூரைத் தகட்டுக்கு மிக அருகில் இருப்பதால் சுற்றிலும் வெல்டிங் டார்ச் போகாது. பொறுப்பாகக் கட்டுபவர்கள் தரையில் ஓட்டை போட்டு முழுக் கேஜையும் கீழே இறக்கி, மேல் வெல்டை முழு வட்டமாக முடித்துவிட்டு, மறுபடி தூக்கிக் கால்தகட்டை வைப்பார்கள். கேஜ் பார்க்கப் போனால் மேல்மூலையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே வெல்டு இல்லையென்றால் மற்ற இடத்து அழகை நம்பவேண்டாம்.

கேஜுக்கு எடை உண்டு, அதுவும் உயரத்தில் இருக்கும் எடை. 45க்கு 2.5 குழாய் ஒரு மீட்டருக்கு 2.6 கிலோ, ஒரு முழுக் கேஜ் தகடுகளோடு சேர்த்து 60 கிலோவை எளிதில் தொடும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1800 கிலோ வண்டி, இடது வலது சக்கர இடைவெளி 1500 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 700 மில்லிமீட்டர் உயரத்தில். இடைவெளியில் பாதியை இந்த உயரத்தால் வகுத்தால் 1.07. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் வண்டிகளின் கவிழும் வாய்ப்பை மதிப்பிட எடுத்துக்கொண்டதும் இதே விகிதம்தான். வண்டி அசையாமல் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே போனால் 47 டிகிரியில் கவிழும். லிஃப்டும் டயரும் மையத்தை 60 மில்லிமீட்டர் உயர்த்துகின்றன, 1500 மில்லிமீட்டர் உயரத்தில் 60 கிலோ கேஜ் வந்து உட்கார்கிறது. விகிதம் 0.96, கோணம் 44க்குக் கொஞ்சம் கீழே. இது ஸ்பிரிங்கும் டயரும் நசுங்காது என்று வைத்துக்கொண்ட கணக்கு, நிஜத்தில் இன்னும் முன்னாலேயே கவிழும். கவிழ்ந்தால் காக்க வேண்டிய பொருளே கவிழ்வதைக் கொஞ்சம் அருகில் கொண்டுவருகிறது. அதற்காகக் கேஜ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதோடு கூரைமேல் கேரியரும் அதில் ஸ்டெப்னியும் தண்ணீர் கேனும் ஏற்றுவதை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் என்னை உண்மையில் தூங்கவிடாதது நான்காவது அசைவு. சாதாரண மூன்றுமுனை பெல்ட் போட்ட மனிதனின் உடல், மோதலில் இருக்கையோடு ஒட்டி நிற்பதில்லை. பெல்ட் இழுபட்டு நீளும், தோள் சுழலும், கழுத்து நீளும், தலை முன்னாலும் பக்கவாட்டிலும் நாம் கற்பனை செய்வதைவிட வெகுதூரம் போகும். கார் தயாரித்தவர்கள் அந்த வெளியைக் காலியாக விட்டதும், பக்கவாட்டில் திரை ஏர்பேக் வைத்ததும் அதற்காகத்தான். நாம் அங்கே கொண்டுபோய் 40 மில்லிமீட்டர் எஃகுக் குழாயை வைக்கிறோம். பந்தய வண்டியில் அது சரி, ஏனென்றால் அங்கே ஆறுமுனை பெல்ட், அணைத்துப் பிடிக்கும் இருக்கை, ஹெல்மெட், குழாயின்மேல் அதற்கென்றே செய்த கெட்டியான நுரை எல்லாம் சேர்ந்து வருகின்றன. குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால், தினமும் ஆபீசுக்கும் கடைக்கும் போகும் வண்டியில், நின்ற இடத்தில் பின்னாலிருந்து ஒருவர் இடித்தாலே தலை போய் அதில் மோதும். சைக்கிள் கைப்பிடிக்குப் போடும் மெத்தென்ற நுரையைச் சுற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். விரலால் அழுத்தினாலே நசுங்கிவிடும் நுரை தலையின் வேகத்தை எங்கே நிறுத்தப்போகிறது?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன், அவர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. “கவுந்தா கூரை நசுங்கும்ல? அப்போ குழாய் இல்லாம என்ன பண்றது?” என்றார். நியாயமான கேள்விதான். பேசிப் பேசி வந்து சேர்ந்த முடிவு இது. முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு முக்கிய வளைவு, அதற்கு ஒரு குறுக்குக் குழாய், பின்னோக்கி இரண்டு தாங்கு குழாய்கள், எல்லாம் பாடியில் மட்டும் ஊன்றும்படி. பின் இருக்கையை எடுத்துவிட்டார், ஏனென்றால் அங்கே உட்காருபவரின் தலைக்குப் பக்கத்தில்தான் குழாய்கள் வருகின்றன. ஓட்டுநரின் தலைக்கு முன்னாலும் பக்கத்திலும் இருந்த குழாய்களை வெட்டி எடுத்தாயிற்று. எக்ஸாஸ்டைச் சேஸிஸ் சட்டத்துக்கு உள்பக்கம் மாற்றி, பம்ப் ஸ்டாப்பின் உயரத்தைக் கூட்டி, ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலைக் குறுக்காக ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கடைசி வெல்டு வைத்தார்கள். அந்த உரசிய பிரேக் குழாயையும் புதிதாக மாற்றியாயிற்று.

முன்பக்கக் கேஜ் திரும்ப வேண்டும் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹெல்மெட்டும் முழு பெல்ட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுகிற நாட்களுக்கு மட்டும் மாட்டி, மற்ற நாட்களில் கழற்றிவைக்கும்படி போல்ட் இணைப்பில் செய்யலாமா என்று இப்போது வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கழற்றி மாட்டும் இணைப்பை எஃப்ஐஏ விதியும் அனுமதிக்கிறது, அதற்கான வடிவங்களும் அதில் இருக்கின்றன. வரைபடத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அவர் இருக்கையில் பெல்ட்டோடு உட்கார்ந்து, தலையை எல்லாப் பக்கமும் நீட்டி அளந்த அளவு அதில் இல்லை. அதை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.